மகளை வெளிநாட்டுக் களப்பயிற்சிக்குக் கடன் வாங்கி அனுப்பலாமா?

கேள்வி – 3 பிப்ரவரி 2025

என் மகள் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பில் முதலாண்டு படிக்கிறாள். கோடை விடுமுறையில் கிழக்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றில் நான்கு வாரக் களப்பயிற்சிக்கு ஏற்பாடு செய்து தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். விமானக் கட்டணம் நீங்கலாகவே இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும். வெளிநாட்டுக் கள அனுபவம் இல்லாவிட்டால் பிற்பாடு நல்ல வேலை கிடைக்காது என்கிறாள் மகள். நான் காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்கிறேன், இந்தப் படிப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கடன் வாங்கி அனுப்பலாமா?

3 பிப்ரவரி, இரவு

கடன் வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். வெளிநாடு செல்வது வீண் என்பதால் அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதில் பணம் எவ்வளவு, எத்தனை வாரம் என்பதெல்லாம் இருக்கின்றன. அங்கே உங்கள் மகள் என்ன வேலை செய்யப் போகிறார், அந்த வேலையைக் கேட்டவர் யார் என்பது மட்டும் இல்லை.

பல ஆண்டுகளாகத் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் மாணவர்களைக் களத்துக்கு அழைத்துச் செல்வது என் வேலையின் ஒரு பகுதி. வெளிநாட்டிலிருந்து வந்த மாணவர்களும் அவர்களில் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஊர்ச் சுகாதார அலுவலகத்துக்கு விடை தேவைப்படும் ஒரு கேள்வி ஏற்கெனவே இருந்து, அதற்கு ஆள் வேண்டும் என்று அவர்களே கேட்டிருந்தால் போகலாம். முகவர் ஒருவர் இங்கே பணம் வாங்கிக்கொண்டு, அங்கே ஒரு மருத்துவமனையின் தாழ்வாரத்தில் நிற்க இடம் பிடித்துத் தருவதாக இருந்தால் அது சுற்றுலா.

முகவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். அங்கே உங்கள் மகளின் வேலையை அன்றாடம் மேற்பார்வையிடப் போகும் அதிகாரியின் பெயர், பதவி, மின்னஞ்சல் ஆகிய மூன்றும் வேண்டும். அவற்றைத் தரத் தயங்கினால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

4 பிப்ரவரி

"களப்பணி என்றால் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவதுதானே, அதற்கு ஏன் இவ்வளவு பீடிகை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

படிவம் நிரப்புவது அதில் ஒரு சிறு பகுதி. கொருக்குப்பேட்டையில் குடிநீர் பற்றிய ஓர் ஆய்வுக்காக வெளிநாட்டு மாணவர்கள் சிலர் வந்திருந்தார்கள். காலை பத்து மணிக்குக் களத்தில் இறங்குவது அவர்கள் திட்டம். அந்தத் தெருக்களில் பத்து மணிக்கு வீட்டில் யாரும் இருப்பதில்லை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் ஏழரைக்கே கிளம்பிவிடுகிறார்கள், மீதிப் பேர் துறைமுகத்திலோ கிடங்குகளிலோ இருப்பார்கள். தண்ணீர் வருவதோ விடியற்காலையில். ஆகவே ஐந்து மணிக்கு அடிபம்பின் அருகில் நிற்க வேண்டியிருந்தது. முதலில் அடித்த தண்ணீர் லேசான மஞ்சள் நிறத்தில், சாக்கடை வாடையுடன் வந்தது. பெண்கள் அதைக் குடத்தில் பிடிக்காமல் கால்வாயில் ஊற்றிவிட்டு, தெளிந்த பிறகுதான் வரிசையில் குடத்தை வைத்தார்கள்.

மாணவர்களில் ஒரு பெண் அந்த முதல் தண்ணீரையும் தெளிந்த தண்ணீரையும் தனித்தனியாகக் குப்பியில் பிடித்து, குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். முதல் குப்பியில் நிறம் மாறவேயில்லை, இரண்டாவதில் மெல்லிய மஞ்சள் ஏறியது. குழாய்முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். இரண்டாவது குப்பியை மட்டும் எடுத்திருந்தால் எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். எந்தத் தண்ணீரைப் பிடிப்பது என்பதைப் படிவம் சொல்லவில்லை, வரிசையில் நின்ற பெண்களின் நடவடிக்கைதான் சொன்னது. முதல் தண்ணீரில் குளோரின் இல்லாததற்கு நின்றுபோன குழாயில் கழிவுநீர் கசிந்து கலப்பது ஒரு காரணமாக இருக்கலாம். அதை உறுதிசெய்ய குழாய் வரைபடம் வேண்டும், அது குடிநீர் வாரியத்திடம் இருக்கிறது. வாரியத்தில் யாரைக் கேட்பது என்று தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் உடன் இல்லாவிட்டால் மாணவரின் வேலை குப்பியோடு நின்றுவிடும்.

உங்கள் மகள் அடிஸ் அபாபாவுக்குப் போனாலும் டாக்காவுக்குப் போனாலும் இதே நிலைதான். மேற்பார்வையாளரின் பெயரை நான் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

4 பிப்ரவரி, சற்றுப் பிறகு

ஐஸ் வியாபாரி என்று எழுதியிருந்தீர்கள். தண்ணீரைக் குப்பியில் பிடித்த அந்த வெளிநாட்டு மாணவி காசிமேட்டுக்கும் போயிருந்தார். ஐஸ் உடைக்கும் இடத்தில் நின்று, இந்தக் கட்டிக்கான தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மீன் மீது போடும் கட்டியும் சாறு கடைக்குப் போகும் கட்டியும் ஒன்றுதானா என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. உங்களிடமும் கேட்டிருக்கக்கூடும். நல்ல மாணவர் தொல்லை கொடுப்பவராகத்தான் இருப்பார்.

6 பிப்ரவரி

"வெள்ளைக்காரர்கள் நம் சேரிகளைப் படம் பிடித்துக்கொண்டு போகத்தான் வருகிறார்கள்" என்று எழுதியவருக்கு: அப்படி வருபவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இதே சென்னையில் நேர்மாறானதும் நடந்திருக்கிறது.

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். காசநோயாளியைச் சானடோரியத்தில் (காசநோயாளிகள் நெடுநாள் தங்கும் மருத்துவமனையில்) படுக்க வைக்காமல் அவர் வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்த முடியுமா என்பது கேள்வி. இந்தக் கேள்வி லண்டனில் பிறந்ததல்ல, படுக்கைகள் போதாத சென்னையின் நெருக்கடியிலிருந்து வந்தது. 193 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சானடோரியத்திலும் மற்றதற்கு வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான அறைகளில் வாழ்ந்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், உடம்பு சற்றுத் தேறியதும் வேலைக்கும் போனார்கள். அப்படியிருந்தும் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிய ஒரு முக்கியக் காரணமாயிற்று.

பிரிட்டிஷ் குழுவின் தலைவராக வந்த வாலஸ் பாக்ஸ் சில ஆண்டுகள் இங்கேயே தங்கி வேலை செய்தார். நோயாளிகள் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார்களா என்பதை எப்படி உறுதிசெய்வது என்ற பிரச்சினையை அவர் சென்னையில்தான் முழுதாக எதிர்கொண்டார். பிற்காலத்தில் ஒருவர் கண் முன்னால் மருந்து உட்கொள்ளச் செய்யும் முறை உலகெங்கும் பரவியதில் அந்தப் பாடத்துக்குப் பங்கு உண்டு. வந்தவரும் கற்றார், ஊருக்கும் பயன் கிடைத்தது. நான்கு வாரத்தில் நடந்த காரியம் அல்ல இது.

7 பிப்ரவரி

ஒரு நண்பர் தனிச்செய்தியில், "அப்படியானால் அந்தப் பெண் ஆப்பிரிக்காவுக்குப் போய் என்ன கிழிக்கப் போகிறாள்?" என்று கேட்டிருக்கிறார். கேட்ட விதம் சரியில்லை, கேள்வி சரி. யோசித்து எழுதுகிறேன்.

9 பிப்ரவரி

யோசித்தேன். நம் வீட்டு மொட்டை மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் மலேரியா கொசுவின் பெயர் அனாபிலிஸ் ஸ்டீபன்சி. ஆப்பிரிக்காவின் வழக்கமான மலேரியா கொசுக்கள் பெரும்பாலும் மழைக் குட்டைகளிலும் வயலோரத் தேங்கல்களிலும் பெருகுபவை. ஸ்டீபன்சி அவற்றைப்போல் மழைக்காகக் காத்திருப்பதில்லை, மூடி சரியாகப் பொருந்தாத ஒரு தொட்டி இருந்தாலே அதற்குப் போதும். இந்தக் கொசு 2012-ல் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு அங்கே பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 27 பேர், 2020-ல் எண்ணிக்கை 73 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஏறுமுகத்துக்கு இந்தக் கொசு ஒன்றையே முழுக் காரணமாகச் சொல்ல முடியாது, முக்கியக் காரணம் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அடுத்து 2016-ல் எத்தியோப்பியாவிலும் அது கண்டறியப்பட்டது. 2022-ல் அந்நாட்டின் டிரே டாவா நகரில், வறண்ட பருவத்திலேயே மலேரியா வெடித்தது. பல்கலைக்கழக மாணவர் விடுதியும் அதில் சிக்கியது. விடுதியைச் சுற்றியிருந்த தண்ணீர்த் தொட்டிகளில் ஸ்டீபன்சி இருந்தது.

இந்தக் கொசுவோடு சென்னை மாநகராட்சிப் பணியாளர்கள் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டி வருகிறார்கள். தமிழ்நாட்டின் மலேரியாவில் பெரும்பங்கு நெடுங்காலம் சென்னையில்தான் இருந்தது. வீடு வீடாக ஏறித் தொட்டியைத் திறந்து, டார்ச் அடித்துப் புழு நெளிகிறதா என்று பார்த்து, அபேட் என்ற புழுக்கொல்லி மருந்தை ஊற்றி, சுவரில் தேதியைக் குறித்துவிட்டுப் போகும் டி.பி.சி. (வீட்டுக் கொசு உற்பத்திச் சோதனை) பணியாளர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், பாதிப் பேர் கதவைத் திறப்பதுகூட இல்லை. பூட்டிய வீட்டை என்ன செய்வது, ஏணி இல்லாத மாடித் தொட்டியை எப்படிப் பார்ப்பது, குடிக்கும் தண்ணீரில் மருந்து ஊற்ற மறுக்கும் பாட்டியிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த விஷயங்கள். கிராமத்து மலேரியாவையே அதிகம் பார்த்துப் பழகிய ஆப்பிரிக்க நகரங்களுக்கு இப்போது இந்த அனுபவம்தான் தேவைப்படுகிறது.

ஆகவே உங்கள் மகள் இந்தக் கோடையில் ராயபுரம் மண்டலத்திலோ தண்டையார்பேட்டை மண்டலத்திலோ அனுமதி பெற்று, டி.பி.சி. பணியாளர் ஒருவருடன் சில வாரம் மாடி ஏறி இறங்கட்டும். அதற்குப் பிறகு எத்தியோப்பியாவுக்கு எழுதினால், சொல்வதற்கென்று அவரிடம் ஒரு விஷயம் இருக்கும்.

10 பிப்ரவரி

ஆப்பிரிக்காதான் வேண்டுமா என்றும் கேட்க நினைத்தேன். இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் அறிவித்தது. சில மாதங்களுக்குள் மன்னாரில் இதே ஸ்டீபன்சி கண்டறியப்பட்டது. நோய் ஒழிந்த நாட்டில் கொசு வந்து இறங்கியிருக்கும்போது கண்காணிப்பை எப்படித் தளராமல் நடத்துவது என்பது மிகச் சுவையான பாடம். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம், மன்னாரில் மொழியும் இடைஞ்சல் இல்லை.

என் படிப்புக் காலத்தில் களுத்துறைப் பக்கம் சில வாரம் இருந்தேன். இலங்கையின் முதல் சுகாதாரப் பிரிவு 1926-ல் அங்கேதான் தொடங்கப்பட்டது. ஒரு குடும்பநலத் தாதியுடன் போய்வருவது என் வேலை. சுமார் மூவாயிரம் மக்கள் அவர் பொறுப்பில் இருந்தார்கள். தன் பகுதி முழுவதையும் அவரே கையால் வரைந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் எண் கொடுத்து, கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஒரு நிறத்திலும் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேறு நிறத்திலும் புள்ளி வைத்திருந்தார். பிள்ளை பிறந்ததும் புள்ளியின் நிறத்தை மாற்றுவார். அவர் பேசியது சிங்களம், என் தமிழ் அங்கே உதவவில்லை. ரப்பர் தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் வாழும் லயன் (வரிசை) வீடுகளுக்குப் போனபோதுதான் நான் பேச ஆரம்பித்தேன், அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். திரும்பும் வழியில், ஊரைவிட்டு வேலைக்காக இடம்பெயரும் குடும்பத்தின் குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி விடுபடாமல் உங்கள் ஊரில் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்து போகும் குடும்பங்களை மனத்தில் வைத்து நான் சொன்ன பதில் எனக்கே போதாததாகப் பட்டது. அந்தக் கேள்வியைப் பின்னர் என் ஆய்வின் தலைப்பாக எடுத்துக்கொண்டேன்.

13 பிப்ரவரி

முதல் குறிப்பில் நான்கு வாரப் பயிற்சியைச் சுற்றுலா என்று எழுதியது சிலருக்கு உறுத்தியிருக்கிறது. "வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஊர் சுற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், வடசென்னைப் பெண் மட்டும் முதலில் தகுதியை நிரூபிக்க வேண்டுமா?" என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறார். நியாயமான கோபம். பார்ப்பதற்காக மட்டும் போவதும் தவறில்லை, குறுகிய காலப் பயணத்திலும் கற்கலாம். பார்க்கத்தான் போகிறோம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தால் போதும். அங்கே போய் ஊசி போடவும் நோயாளியின் அந்தரங்கத்தைக் கேட்கவும், இங்கே செய்ய அனுமதி இல்லாத மற்ற வேலைகளைச் செய்யவும் "அனுபவம்" என்ற பெயரில் துணிவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

என் வாதத்தின் மற்றப் பாதி பணத்தைப் பற்றியது. வசதியுள்ள பிள்ளையின் பயணம் பயனின்றிப் போனால் நட்டம் ஒரு விடுமுறையோடு முடிந்துவிடும். ஐஸ் வியாபாரியின் கடனுக்கு மாதாமாதம் வட்டி ஓடும்.

விருந்தோம்புபவரின் சுமையையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பொங்கலன்று அடுப்பங்கரையில் வந்து நின்று உதவட்டுமா என்று கேட்கும் விருந்தாளியைப் போல, ஒவ்வொரு மாணவரும் ஏற்கெனவே வேலை நிறைந்த ஒரு செவிலியரின் நேரத்தை எடுத்துக்கொள்கிறார். உலக சுகாதாரப் பயிற்சிக்கென 2010-ல் வெளியான பன்னாட்டு நெறிமுறை வழிகாட்டுதல், ஏற்கும் நிறுவனத்தின் செலவையும் உழைப்பையும் ஈடுசெய்ய வேண்டும் என்று சொல்கிறது. நீங்கள் கட்டும் இரண்டு லட்சத்தில் அந்தச் செவிலியரின் அலுவலகத்துக்கு எவ்வளவு போகிறது என்றும் முகவரிடம் கேளுங்கள்.

14 பிப்ரவரி

அனுமதி பற்றிச் சுருக்கமாக. மனிதர்களிடம் தகவல் திரட்டுவதானால் ஏற்கும் நாட்டின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். நம் கல்லூரிக் குழுவின் ஒப்புதல் மட்டும் போதாது. இங்கேயும் அப்படித்தான். வெளிநாட்டுக் கூட்டுறவுடன் நடக்கும் சுகாதார ஆய்வுகளைப் பரிசீலிக்க மத்திய சுகாதார அமைச்சகத்துக்கென்று ஒரு குழு இருக்கிறது. ஒப்புதலுக்கே சில மாதம் ஆகலாம் என்பதால், நான்கு வாரத்தில் ஆய்வு முடித்துக் கட்டுரை வெளியிடலாம் என்று வாக்குறுதி தருபவரை நம்ப வேண்டாம். திரட்டிய தரவு யாரிடம் இருக்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை கேட்டவருக்கு: மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை முழு முதுநிலைப் படிப்புக்கும் முனைவர் பட்டத்துக்கும் உரியது, சில வாரப் பயிற்சிக்கு அதைப் பெற முடியாது.

20 பிப்ரவரி

"உள்ளூரில் களமே இல்லை" என்று மகள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்களே படகில் போய் வாளியாலும் மக்காலும் அதை அள்ளினார்கள். அந்தக் கைகளிலும் நுரையீரலிலும் அதன் விளைவு என்ன, எத்தனை ஆண்டு அவர்களைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும், யார் கவனிக்க வேண்டும்? உலகின் எந்தப் பொதுச் சுகாதாரப் பள்ளியும் மதிக்கும் கேள்விகள் இவை. திருவொற்றியூரிலிருந்து பேருந்தில் போய்விடலாம்.

26 பிப்ரவரி

போவதாக முடிவானால் உடம்பு தொடர்பான இரண்டு விஷயங்கள். எத்தியோப்பியா, கென்யா போன்ற நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அவசியம். கிண்டி கிங் நிலையத்திலும் சென்னைத் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள், முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், ஆகவே கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது. 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகும். சான்றிதழ் இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். கெஞ்சிப் பயனில்லை.

மற்றொன்று, சில நாட்டு மருத்துவமனைகள் உள்ளே விடுவதற்கு முன் காசநோய்த் தோல் பரிசோதனை கேட்கும். பிறந்ததும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்ட நம் பிள்ளைகளுக்கு அது தடித்துக் காட்டினால் பதறத் தேவையில்லை. பி.சி.ஜி.யால் குழம்பாத ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு, அதைச் செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

4 மார்ச்

மேற்பார்வையாளரின் பெயரைக் கேட்டதும், "அதெல்லாம் போய் இறங்கியதும் தெரியும்" என்று முகவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பணம் கட்டாதது நல்லதாயிற்று.

மகள் மண்டல அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் கொடுத்துவிட்டார் என்பதும், அடுத்த ஆண்டுக்காக மன்னாருக்கும் டிரே டாவாவுக்கும் எழுத வரைவு தயாரித்திருக்கிறார் என்பதும் மகிழ்ச்சி. வரைவைப் படித்தேன். "எந்தப் பணிக்கும் ஆர்வத்துடன் தயாராக இருக்கிறேன்" என்ற வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். மாடித் தொட்டிகளில் புழு ஆய்வு செய்யத் தெரியும் என்பதை, களத்தில் செய்து முடித்த பிறகு, முதல் வரியாக வைக்கட்டும். பூட்டிய வீடுகள் எத்தனை, இரண்டாம் முறை போனபோது திறந்தவை எத்தனை என்ற கணக்கையும் கையோடு குறித்துவரட்டும். அங்கே உள்ளவர்கள் முதலில் கேட்கப் போவது அதைத்தான். கடிதத்தை மே மாதத்துக்குப் பிறகு அனுப்பினால் போதும்.